நாலு நாவல், ஒரு லேப்டாப்: எது கெட்டால் எங்கே பார்ப்பது

ஒரே நேரத்தில் மூன்று நான்கு நாவல்களைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுகிறவர்களுக்கான குறிப்பு இது. ஸ்க்ரிவனர், வேர்ட், கூகுள் டாக்ஸ், அப்சிடியன், லிப்ரே ஆபிஸ் என்று எந்த மென்பொருளில் எழுதினாலும் வருகிற தொல்லைகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். கும்பகோணம், மன்னார்குடி, மாயவரம் பக்கம் எழுதுகிற நண்பர்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தால் நான் எதை எதைப் பார்ப்பேனோ அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். முழுக்கப் படிக்க வேண்டாம், உங்கள் தொல்லை எந்தத் தலைப்பில் இருக்கிறதோ நேராக அங்கே போய்விடுங்கள்.

ஆனால் எதைத் தொடுவதற்கும் முன்னால் ஒன்று. மென்பொருளை மூடுங்கள், நெட்டை அணையுங்கள், அந்த நாவலின் கோப்புறையை முழுதாக ஒரு பென் டிரைவில் நகல் எடுங்கள். நெட்டை ஏன் அணைக்கச் சொல்கிறேன் என்றால், கெட்டுப்போன கோப்பை உங்கள் கிளவுட் சேவை சமர்த்தாக எடுத்துக்கொண்டு போய் மற்ற கணினியிலும் போனிலும் இருக்கிற நல்ல கோப்பின் மேல் போட்டுவிடும். நகல் எடுத்த பிறகு என்ன வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம்.

நேற்று எழுதியது இன்று காணவில்லை

பெரும்பாலும் அழிந்திருக்காது, வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கும். பாபநாசம் பக்கத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், நான்கு நாவல் ஓடிக்கொண்டிருக்கிறது அவருக்கு, ஒருநாள் காலையில் போன் செய்தார்.

“தம்பி, எட்டாவது அத்தியாயம் பூரா போச்சுப்பா.”

“ஐயா, எதையும் சேவ் பண்ணாதீங்க. நேத்து எந்தக் கோப்பைத் திறந்து எழுதினீங்க?”

“நீ வாட்ஸ்அப்ல திருப்பி அனுப்பினியே, அதைத்தான்.”

விஷயம் அவ்வளவுதான். வாட்ஸ்அப்பிலிருந்தோ மெயிலிலிருந்தோ திறக்கிற வேர்ட் கோப்பு டவுன்லோட்ஸ் கோப்புறையில் தனியாக ஒரு நகலாக விழும், நீங்கள் அதில் எழுதி சேவ் செய்துவிட்டு மறுநாள் பழைய கோப்பைத் திறந்தால் ஒன்றும் இருக்காது. ஆகவே முதலில் டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், பென் டிரைவ் மூன்றையும் கடைசியாகத் திருத்திய தேதி வாரியாக வரிசைப்படுத்திப் பாருங்கள். பெயரைப் பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள். ஒரே பெயரின் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஒன்று, இரண்டு என்று எண் போட்ட கோப்புகள் நின்றால் சங்கதி புரிந்துவிடும்.

அங்கேயும் இல்லையென்றால் மென்பொருளுக்குள் போகலாம். வேர்ட் என்றால் ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் டாக்குமெண்ட் என்று போய் சேவ் செய்யாத கோப்புகளை மீட்கிற இடத்தைப் பாருங்கள். கணினியிலேயே இருக்கிற கோப்புக்கு வேர்ட் வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் மீட்புத் தகவலைச் சேமிக்கும், அதை ஆப்ஷன்ஸில் போய் ஒரு நிமிடமாகக் குறைத்துவிடுவது நல்லது. கூகுள் டாக்ஸில் வெர்ஷன் ஹிஸ்டரி இருக்கிறது, அதற்கு முன்னால் நீங்கள் எந்த ஜிமெயில் கணக்கில் இருக்கிறீர்கள் என்று ஒருதடவை பார்த்துக்கொள்ளுங்கள். போனில் இரண்டு கணக்கு வைத்திருக்கிறவர்களின் பாதி அத்தியாயங்கள் அந்தப் பக்கம்தான் இருக்கும்.

ஸ்க்ரிவனரில், தட்டுவதை நிறுத்திய இரண்டு நொடியில் அது தானாகச் சேமித்துவிடும், அதனால் எழுதியது தொலைவது குறைவு. தெரியாமல் நீக்கியிருந்தால் இடதுபக்கப் பட்டியலின் அடியில் இருக்கிற டிராஷில் கிடக்கும். அதிலும் இல்லையென்றால் அது தானாக எடுத்து வைக்கிற ஜிப் நகல்களுக்குப் போக வேண்டும். இங்கே கவனம். அந்த நகல்கள் வழக்கமாகக் கடைசி ஐந்துதான் இருக்கும், பதற்றத்தில் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்தால் கெட்ட நிலையிலேயே புது நகல்கள் உருவாகி, நல்ல நகல் வரிசையிலிருந்து வெளியே போய்விடலாம். அதனால் பேக்கப் கோப்புறையை முதலில் வேறிடத்துக்கு நகல் எடுத்துவிட்டு அப்புறம் திறங்கள், அந்த ஐந்து என்கிற எண்ணையும் அமைப்பில் கூட்டிவிடுங்கள்.

கரண்ட் போய் வந்ததும் ‘இது வேறிடத்தில் திறந்திருக்கிறது’ என்கிறது

ஐப்பசி கார்த்திகையில் டெல்டாவில் எழுதுகிற எல்லோருக்கும் பழக்கமானது. ஸ்க்ரிவனர் ஒரு நாவலைத் திறக்கும்போது அதன் கோப்புறைக்குள் பூட்டுக் கோப்பு ஒன்றைப் போட்டுவைக்கும், முறையாக மூடினால் எடுத்துவிடும். கரண்ட் போய் கணினி அணைந்தால் பூட்டு அப்படியே நிற்கும், மறுபடி திறக்கும்போது ‘இந்த நாவல் வேறொரு கணினியில் திறந்திருப்பதுபோல் தெரிகிறது, நகல் எடுத்துத் திறக்கட்டுமா’ என்கிற மாதிரி கேட்கும்.

உண்மையிலேயே வேறு கணினியில் திறந்திருக்கவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் நகல் வேண்டாம், மூலத்தையே திறங்கள். பலர் ‘நகல்’ என்றால் பத்திரம் என்று நினைத்து அதை அழுத்திவிடுகிறார்கள், அன்றைக்கே நாவல் இரண்டாகிவிடும், இரண்டு வாரம் கழித்து எது அசல் என்று யாருக்கும் தெரியாது. ஏற்கெனவே இரண்டாகிவிட்டதா? இரண்டையும் ஒன்றாகத் திறந்து, நகலில் மட்டும் எழுதிய அத்தியாயங்களை இடதுபக்கப் பட்டியலிலிருந்து இழுத்து அசலில் விடுங்கள், ஸ்க்ரிவனர் அவற்றை நகலெடுத்துக்கொள்ளும். அப்புறம் அந்த இன்னொன்றை ஜிப் செய்து ஒரு மூலையில் போட்டுவிடுங்கள், அழிக்க வேண்டாம்.

கிளவுடை வைத்து இரண்டு கணினியில் எழுதினால் இதே தொல்லை வேறு உருவத்தில் வரும். ஸ்க்ரிவனர் நாவல் என்பது ஒரே கோப்பு மாதிரி தெரிந்தாலும் உள்ளே நூற்றுக்கணக்கான சிறு கோப்புகள், ஒவ்வொரு காட்சியும் தனிக் கோப்பு. பாதி மட்டும் ஏறி மீதி ஏறாமல் இருக்கும்போது அடுத்த கணினியில் திறந்துவிட்டால் முரண்பட்ட நகல்கள் உண்டாகும், பட்டியலில் கான்ஃபிளிக்ட்ஸ் என்று ஒரு கோப்புறை முளைத்திருந்தால் அதுதான். ஸ்க்ரிவனரை உருவாக்கியவர்களே கூகுள் டிரைவில் வைத்து எழுத வேண்டாம், டிராப்பாக்ஸ் பரவாயில்லை என்கிறார்கள். ஆண்ட்ராய்டுக்கு ஸ்க்ரிவனர் கிடையாது. பஸ்ஸில் போகும்போது போனில் எழுதுகிற ஆள் என்றால் ‘சிங்க் வித் எக்ஸ்டர்னல் ஃபோல்டர்’ என்கிற வசதியில் காட்சிகளைச் சாதாரண உரைக் கோப்புகளாக வெளியே விட்டு எழுதலாம், அல்லது முதலிலிருந்தே அப்சிடியன் மாதிரி வெறும் உரைக் கோப்பிலேயே நிற்கிற ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் ஆண்ட்ராய்டுக்காரர்களுக்கு இரண்டாவதுதான் தலைவலி குறைவு.

இதோடு சேர்த்து ஒரு சோதனை. நெட்டை அணைத்துவிட்டு உங்கள் நான்கு நாவலும் திறக்கிறதா பாருங்கள். 2018 நவம்பர் 16 கஜா புயல் அடித்த பிறகு வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. கூகுள் டாக்ஸில் ஆஃப்லைன் வசதியை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தால்தான் அந்த மாதிரி நேரத்தில் திறக்கும், அதற்குப் பிறகு போட முடியாது.

கண்ணுக்குத் தெரிகிற சொல், தேடினால் கிடைக்கவில்லை

இது தமிழ் மாதிரி மொழிகளுக்கு உரிய தொல்லை, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட உதவிப் பக்கங்களில் பெரும்பாலும் இருக்காது.

‘கொள்ளிடம்’ என்று நாவல் முழுக்க எழுதியிருக்கிறீர்கள், தேடினால் பாதிதான் காட்டுகிறது. காரணம், இப்போது கணினியும் போனும் எழுத்துகளைச் சேமிக்கிற பொதுக் குறிமுறையான யூனிகோடில் ‘கொ’ என்பதை இரண்டு விதமாக எழுத முடியும். ககரத்தோடு ஒகரக் குறி ஒரே குறியாக வரலாம், அல்லது ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று தனித்தனியாக வரலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று, ஆனால் சில மென்பொருளுக்கு அவை வேறு வேறு சொற்கள். வெவ்வேறு கீபோர்டில் தட்டியது, போனில் எழுதியது, பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியது எல்லாம் ஒரே நாவலில் சேரும்போது இது கட்டாயம் நடக்கும். ஒரு கணினியில் கிடைப்பது இன்னொன்றில் கிடைக்காமல் போவதும் இதனால்தான்.

சோதிப்பது சுலபம். கிடைக்காத அந்தச் சொல்லில் ‘கொ’வுக்கு உடனே பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒரே ஒருமுறை அழுத்துங்கள். வெறும் ‘க’ மிஞ்சினால் ஒரே குறி. ‘கெ’ மிஞ்சினால் கொம்பும் காலும் தனி. சரிசெய்ய, நார்மலைஸ் செய்யும், அதாவது இரண்டு விதத்தையும் ஒரே விதமாக்கும் வசதியுள்ள உரை எடிட்டர் இருந்தால் ஒரே சொடுக்கில் முடிந்துவிடும். இல்லையென்றால் கோளாறான ‘கொ’வை உரையிலிருந்தே நகலெடுத்துத் தேடும் கட்டத்தில் ஒட்டி, மாற்றும் கட்டத்தில் இப்போதைய கீபோர்டில் புதிதாகத் தட்டி மாற்றுங்கள். மொ, பொ, தோ, போ என்று ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியிருக்கும், பொறுமை வேண்டும்.

‘ஸ்ரீ’யும் அப்படித்தான், முதல் எழுத்தாக ஸகரம் ஒருவிதம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரம் இன்னொருவிதம். ‘கௌரி’ இன்னும் மோசம். பலர் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பு போட்டு ளகரம் தட்டியிருப்பார்கள், ‘கெளரி’ என்று. பார்க்க ஒன்றுதான். இதைச் சரிசெய்கிறேன் என்று ‘கெள’ எல்லாவற்றையும் ‘கௌ’ ஆக்கும்படி மொத்தமாக மாற்றினீர்கள் என்றால் ஆற்றில் பிடித்த கெளுத்தி மீன் எல்லாம் செத்தது, உகரக் குறி அந்தரத்தில் தொங்கும். கெளுத்தி இல்லாமல் டெல்டா நாவல் எப்படி எழுதுவது? ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள், ‘ரிப்ளேஸ் ஆல்’ பக்கம் போகாதீர்கள்.

பாத்திரத்தின் பெயரை மாற்றினேன், பாதி மாறவில்லை

மேலே சொன்னதன் தம்பி இது. ‘கண்ணன்’ என்று தேடினால் ‘கண்ணன் வந்தான்’ கிடைக்கும், ‘கண்ணனை’, ‘கண்ணனுக்கு’, ‘கண்ணனோடு’ எதுவும் கிடைக்காது. கடைசி னகரத்தின் மேல் இருந்த புள்ளி வேற்றுமை உருபு வந்ததும் போய்விடுகிறது, கணினிக்கு அந்தப் புள்ளியும் ஒரு தனிக் குறி. ஆகவே புள்ளியை விட்டுவிட்டு ‘கண்ணன’ என்று தேடுங்கள், எல்லா வடிவமும் வரும். அரை எழுத்தில் தேட ஒப்புக்கொள்ளாத மென்பொருள் என்றால் இன்னும் குறைத்து ‘கண்ண’ என்று தேடுங்கள், கண்ணம்மாவும் கண்ணபிரானும் கூட வருவார்கள், பார்த்து விலக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மாற்றும்போது புதுப் பெயர் எந்த எழுத்தில் முடிகிறது என்பதைப் பாருங்கள். கண்ணனை ‘சேகர்’ ஆக்குவதைவிட ‘சுந்தரன்’ ஆக்குவது சுலபம், உருபெல்லாம் அப்படியே ஒட்டும். முத்து, ராசு மாதிரி உகரத்தில் முடிகிற பெயருக்குப் போனால் ஒவ்வொரு இடத்திலும் கை வைக்காமல் முடியாது, ‘முத்துனுக்கு’ என்று ஏதாவது ஒன்று புத்தகம் வரை போய்விடும்.

ஒரு நாவலின் ஆள் இன்னொரு நாவலில் நடமாடுகிறார்

இதற்கு எந்த மென்பொருளும் எச்சரிக்கை மணி அடிக்காது. ஆனால் பல நாவல் எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய கோளாறு கிடையாது. நம் பக்கத்து எழுத்தாளர்களுக்கு இது கூடுதலாகவே வரும், ஏனென்றால் நான்கு நாவலும் அதே ஆறு, அதே வயல், அதே பத்துப் பெயர்கள்.

அறிகுறிகள் இப்படி இருக்கும். இரண்டு நாவலில் ஒரே பெயரில் கணக்குப்பிள்ளை. 1930இல் நடக்கிற கதையில் ஒருவர் ‘மேட்டூர் திறந்துட்டானா’ என்று கேட்கிறார், அணை முடிந்தது 1934இல். 1975இல் எழுதப்படுகிற கடிதத்தின் முகவரியில் திருவாரூர் மாவட்டம், அப்போது அங்கே எல்லாமே தஞ்சாவூர் மாவட்டம்தான், நாகப்பட்டினம் 1991இல் பிரிந்து, அதிலிருந்து திருவாரூர் 1997இல் பிரிந்தது, மயிலாடுதுறை மாவட்டம் 2020 டிசம்பர் கடைசியில்தான் நடைமுறைக்கு வந்தது. 1950இல் கடையில் நயா பைசாவில் சில்லறை வாங்குகிறார்கள், அது வந்தது 1957 ஏப்ரலில், அதுவரைக்கும் அணாதான். 1960 வயலில் ஐஆர் 8 விளைகிறது, அந்த நெல் 1966இல் வந்தது. கும்பகோணத்திலிருந்து வடக்கே நடந்து அரசலாற்றுக்குப் போகிறார் ஒருவர், அரசலாறு ஊருக்குத் தெற்கே, வடக்கே ஓடுவது காவிரி. நடப்பு நாவலுக்காகச் சேர்த்த குறிப்பு பழைய காலத்து நாவலுக்குள் வழிந்துவிட்டது என்பதுதான் பெரும்பாலும் காரணம், தெரியாமல் எழுதியது இல்லை.

எங்கே கை வைப்பது? முதலில் ஒவ்வொரு நாவலுக்குள்ளும் ஆராய்ச்சிக் குறிப்புகளின் நகல் இருக்கிறதா பாருங்கள். அநேகமாக இருக்கும், புது நாவல் தொடங்கும்போது பழையதை அப்படியே நகலெடுத்துத் தொடங்குகிற பழக்கம் பலருக்கு உண்டு. அங்கிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது, ஏனென்றால் ஒரு நாவலில் திருத்திய குறிப்பு மற்ற மூன்றிலும் திருத்தப்படாமல் நிற்கும். நகல்களையெல்லாம் வெளியே எடுத்து, எந்த நாவலுக்கும் சொந்தமில்லாத பொது ஏடு ஒன்று போடுங்கள். ஸ்க்ரிவனரில் இது தனி புராஜெக்ட், ஒவ்வொரு நாவலின் புராஜெக்ட் புக்மார்க்கிலும் அதற்கு ஓர் இணைப்பு. அப்சிடியனில் எல்லா நாவலும் ஒரே பெட்டகத்தில் (வால்ட்), ‘பொது’ என்று ஒரு கோப்புறை. வேர்டுக்காரர்களுக்கு ஒரு எக்ஸெல் தாள் போதும்.

அந்த ஏட்டில் என்னென்ன? நான்கு கட்டம் போதும். பொருள், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, அந்தக் காலத்து ஆட்கள் எப்படிச் சொல்வார்கள், எந்தெந்த நாவலில் வருகிறது. மூன்றாவது கட்டத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ‘மயிலாடுதுறை’ என்று அரசாங்கம் எழுதினாலும் பெரியவர்கள் இன்றைக்கும் மாயவரம் என்றுதான் பஸ் ஏறுகிறார்கள், அது பிழை இல்லை. நிலத்தை ஒருவர் மா கணக்கிலும் இன்னொருவர் ஏக்கரிலும் சொல்வதும் அப்படியே. இருபது மா ஒரு வேலி, ஒரு வேலி சுமார் ஆறேமுக்கால் ஏக்கர் என்று ஏட்டில் எழுதிவைத்தால் ஒரே குடும்பத்து நிலம் நாவலுக்கு நாவல் கூடிக் குறையாது.

தண்ணீருக்குத் தனிப் பக்கம் வேண்டும். ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்பது வழக்கம்தான், எல்லா வருஷமும் அப்படி நடக்கவில்லை, எத்தனையோ வருஷம் தள்ளிப்போயிருக்கிறது, 2022இல் முன்கூட்டி மே 24லேயே திறந்தார்கள். உங்கள் கதை நடக்கிற வருஷத்துக்கு அந்த வருஷத் தேதியைப் பார்த்துப் போடுங்கள். குறுவையா சம்பாவா தாளடியா என்பது அதைப் பொறுத்தது, பொங்கலுக்குக் குறுவை அறுக்கிற பாத்திரத்தை நம்மூர் வாசகர் முதல் பக்கத்திலேயே மூடி வைத்துவிடுவார்.

பெயர்களுக்கும் அதே மாதிரி ஒரு பட்டியல், நான்கு நாவலுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. புதுப் பாத்திரம் உள்ளே வரும்போதெல்லாம் அதில் தேடிவிட்டுப் பெயர் வையுங்கள்.

எல்லா நாவலையும் ஒரே புராஜெக்டில் வைக்கலாமா என்று கேட்பார்கள். ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாக வருகிற வரிசை என்றால் வையுங்கள், முன்னும் பின்னும் தேட வசதி. மற்றபடி ஆளும் காலமும் வேறு என்றால் தனித்தனியாகவே இருக்கட்டும். சும்மா ‘எல்லாம் ஓரிடத்தில் இருக்கட்டுமே’ என்று ஒன்றாகப் போட்டவர்கள் மாட்டிக்கொள்வதைத்தான் பார்த்திருக்கிறேன்.

எந்த நாவலில் இருக்கிறேன் என்று தெரியாமல் தட்டிவிடுகிறேன்

சிரிக்க வேண்டாம், நான்கு சன்னல் திறந்திருந்தால் நடக்கிறதுதான். ஒவ்வொரு நாவலுக்கும் வேறு வேறு எழுத்துரு வைத்துவிடுங்கள், ஒன்றுக்கு நிர்மலா, ஒன்றுக்கு லதா, ஒன்றுக்கு நோட்டோ செரிஃப். கண் பார்த்த உடனே சொல்லிவிடும். ஸ்க்ரிவனரில் புராஜெக்ட் செட்டிங்ஸில் அந்த நாவலுக்கு மட்டும் எழுத்துருவை வைக்கலாம், ஆனால் புதிதாகத் திறக்கிற பக்கங்களுக்குத்தான் அது பிடிக்கும், பழைய பக்கங்களைத் தேர்ந்தெடுத்து மாற்ற வேண்டும்.

போனில் அவசரத்துக்கு எழுதுகிற குறிப்புகளுக்கு முதல் சொல்லாக நாவலின் அடையாளத்தைப் போடுங்கள், ‘கொள்’, ‘உப்’ என்று இரண்டெழுத்து போதும். ‘அவள் திரும்பிப் பார்க்கவில்லை’ என்று ஒரு வரி மட்டும் கிடந்தால் எந்த அவள் என்று ஆறு மாசம் கழித்து யார் சொல்வது?

ஒவ்வொரு நாவலையும் மூடும்போது கடைசியில் இரண்டு வரி: அடுத்து என்ன காட்சி, எந்த இடத்தில் சிக்கல். மூன்று நாவல் சுற்றி இதற்குத் திரும்பி வரும்போது முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. காட்சியின் தலைப்பிலேயே ஆண்டையும் ஊரையும் போட்டுவைப்பதும் உதவும்.

அளவை மாற்றினேன், எழுத்து மாறவில்லை. அல்லது கட்டம் கட்டமாகத் தெரிகிறது

வேர்டிலும் லிப்ரே ஆபிஸிலும் தமிழுக்கான எழுத்துருவும் அளவும் ஆங்கிலத்துக்கான அமைப்பிலிருந்து தனி. வேர்டில் ஃபான்ட் சன்னலில் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்ற கட்டம், லிப்ரே ஆபிஸில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை ஆப்ஷன்ஸில் இயக்கினால் சிடிஎல் என்ற பகுதி வரும். அங்கே மாற்றுங்கள். ஸ்டைலிலேயே மாற்றிவிட்டால் நாவல் முழுக்க ஒரே தடவையில் முடியும்.

கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அந்தக் கணினியில் தமிழ் எழுத்து உள்ள எழுத்துரு இல்லை, அவ்வளவுதான், உரை கெடவில்லை. நோட்டோ தமிழ் இலவசம், போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய நாவலைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பிக் கிடக்கிறது

பாமினி, வானவில், ஸ்ரீலிபி காலத்துக் கோப்பு. பாமினி எழுத்துருவைப் போட்டால் படிக்கலாம், ஆனால் தேடவோ போனில் பார்க்கவோ முடியாது, ஆகவே யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே நல்லது. என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி இலவசக் கருவிகள் இருக்கின்றன. முதலில் எந்த எழுத்துரு என்று தெரிய வேண்டும், தவறான முறையைத் தேர்ந்தால் தமிழாகவே வரும், ஆனால் அர்த்தமில்லாத தமிழாக வரும். ஒரு பத்தியை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் போடுங்கள். இடையில் ஆங்கிலச் சொல் எழுதியிருந்தால் அதையும் கருவி தமிழாக்கிக் குதறிவிடும், மேற்கோள் குறிகளும் இடம் மாறும், இந்த இரண்டையும் தனியாகத் தேடிச் சரிசெய்யுங்கள். கோப்பே போய் அச்சிட்ட தாள் மட்டும்தான் இருக்கிறது என்றால் தெளிவாக ஸ்கேன் செய்து, கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாற்றித் தரும். ரகரமும் காலும் மாறி வரும், கூட உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும்.

கோப்பை நகலெடுக்க மறுக்கிறது, வரிசையும் தாறுமாறு

பெயர் நீளம். ஆண்ட்ராய்டில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும், தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட். ‘கொள்ளிடக்கரையில்’ என்பது நமக்கு ஒன்பது எழுத்து, கணினிக்கு 16 குறி, 48 பைட். ‘கொள்ளிடக்கரையில் அத்தியாயம் பதினேழு திருத்தியது கடைசி நிஜமாகவே கடைசி இதற்கு மேல் திருத்தம் கிடையாது’ என்று வைத்தால் லேப்டாப்பில் நிற்கும், போனுக்குப் போகாது. கோப்பின் பெயரைச் சுருக்கமாக ஆங்கில எழுத்தில் வையுங்கள், தமிழ்த் தலைப்பு உள்ளே இருக்கட்டும்.

அகரவரிசையை நம்பாதீர்கள். யூனிகோடில் னகரம் நகரத்துக்கு அடுத்து, ழகரம் ளகரத்துக்குப் பின்னால் என்று நம் வரிசைக்குப் பொருந்தாமல் அடுக்கியிருக்கிறது. பத்துப் பத்தாக 010, 020, 030 என்று முன்னால் எண் போட்டுவிடுங்கள், நடுவில் புது அத்தியாயம் செருகினால் 025.

கம்பைல் செய்தால் ஓர் அத்தியாயம் மட்டும் வரவில்லை

கம்பைல் என்பது ஸ்க்ரிவனரில் அத்தியாயங்களையெல்லாம் சேர்த்து ஒரே கோப்பாக்குவது. பெரும்பாலும் இரண்டு காரணம்தான். ஒன்று, அந்த அத்தியாயம் டிராஃப்ட் கோப்புறைக்கு வெளியே கிடக்கிறது. அல்லது, அதன் இன்க்ளூட் இன் கம்பைல் என்கிற டிக் எடுபட்டிருக்கிறது.

அச்சகத்து புரூஃபில் கொம்பு இடம் மாறி வருகிறது

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை, உங்கள் கோப்பிலும் கோளாறு இல்லை. பக்கம் கட்டுகிற இன்டிசைனில் தமிழுக்கு வேர்ல்ட் ரெடி பாராகிராஃப் கம்போசர் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், வழக்கமாக இருக்கிற கம்போசரில் விட்டால் எழுத்துக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். பேஜ்மேக்கரில் இன்னும் வேலை செய்கிறவர்கள் என்றால் உங்கள் யூனிகோடைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் போடுவார்கள், அந்த மாற்றத்தில் புதுப் பிழைகள் விழும். அப்படியானால் புரூஃபில் நீங்கள் போடுகிற திருத்தங்களை அன்றன்றைக்கு உங்கள் மூலக் கோப்பிலும் போட்டுக்கொண்டே வாருங்கள், இரண்டாம் பதிப்புக்கு அவர்களிடமிருந்து கோப்பை வாங்கினால் மறுபடி குழம்பிய எழுத்தில்தான் வரும்.